பார் வீதியில் பார் எங்கே?

நீங்கள் கேட்டதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பாருங்கள் தம்பி. வேலை மாற்றலாகி மட்டக்களப்புக்கு வந்து பார் வீதியில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறீர்கள். விலாசத்தைக் கேட்ட உங்கள் அண்ணா, "நல்ல இடமாப் பாத்துத்தான் எடுத்திருக்கிறாய்" என்று சிரித்தாராம். அதே கிழமை மகளுக்குப் பாடசாலையில் 'பார்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு கருத்து எழுதி, கருத்துக்கு ஒரு வசனம் அமைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அகராதியைத் திறந்தால் இருபதுக்கு மேல் கிடக்கிறது. சவர்க்காரம், சட்டத்தரணி, சாராயக்கடை, சிறைக்கம்பி என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருட்கள். இவ்வளவும் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்தன, இவற்றில் எது நம் வீதி என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. மகளின் வீட்டுவேலை அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வரலாற்று ஆசிரியனும் அல்ல, சட்டம் படித்தவனும் அல்ல. சொல்லைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். வீதியின் பெயரைப் பற்றிச் சொல்வதில் ஒரு பகுதி ஊகம். அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 12ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'பார்ர்' என்று இருந்தது, அதற்கு முந்திய இடைக்கால இலத்தீனில் 'பார்ரா'. அதற்கும் பின்னால் போய்த் தேடியவர்கள் வழி தெரியாமல் நின்றுவிட்டார்கள். மூலம் தெரியாத சொல் என்றுதான் நல்ல அகராதிகள் எழுதுகின்றன. ஆனால் முதல் பொருளில் சந்தேகம் இல்லை. கதவை உள்ளே சாத்திவிட்டுக் குறுக்கே போடும் மரம் அல்லது இரும்பு. நம்மிடமும் அது இருந்தது. கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போட்ட கனத்த மரத்தைப் பழந்தமிழில் எழு என்றார்கள், கணையமரம் என்றும் சொன்னார்கள். வீரனின் தோளுக்கு அதை உவமையாகச் சொல்லும் வழக்கமும் இருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், எங்கள் ஊர்ப்பக்கத்து வளவுகளில் கேற் வருவதற்கு முன் இருந்த கடப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் துளையிட்ட கட்டை, நடுவே இழுத்துப் போடும் இரண்டு மூன்று கம்புகள். மாடு உள்ளே வராது, மனிதர் கம்பை இழுத்துவிட்டுப் போகலாம். அந்தக் கம்புதான் பார்.

இந்தக் கம்பில் இரண்டு குணம் இருக்கிறது. ஒன்று, அது நீளமான கெட்டியான ஒரு துண்டு. மற்றது, அது குறுக்கே கிடந்து வழியை மறிக்கிறது. அகராதியில் நீங்கள் பார்த்த இருபது கருத்தில் அநேகமானவை இந்த இரண்டில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. வகுப்பில் நான் கருத்துகளைப் பட்டியலாகக் கொடுப்பதில்லை. "எது நீளமாக இருக்கிறது? எது எதற்குக் குறுக்கே கிடக்கிறது?" என்று இரண்டு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நிற்பேன். மகளிடமும் அதையே கேட்டுப் பாருங்கள்.

சரி, வீதிக்கு வருவோம். உங்கள் வீட்டு வாசலில் இருந்து நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளை மிதியுங்கள். நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீற்றரில் பாலமீன்மடு, அங்கே 1913இல் கட்டிய வெளிச்சவீடு. அதைத் தாண்டினால் வாவி கடலோடு சேரும் வாய். எங்கள் ஆட்கள் அதை முகத்துவாரம் என்பார்கள், ஆற்றுவாய் என்பாரும் உண்டு. வாவிக்கு இதுபோல இன்னொரு வாய் தெற்கே பெரியகல்லாற்றில் இருக்கிறது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முகத்துவாரத்துக்குப் போனால் அநேகமாக வாயையே காணமுடியாது. மழை இல்லாததால் ஆறுகளில் இருந்து வாவிக்கு வரும் தண்ணீர் சுருங்கிவிடும், கடலை நோக்கித் தள்ளுகிற விசை போய்விடும். கடலோ தன்பாட்டுக்குக் கரையோரமாக மணலை இழுத்துக்கொண்டு வந்து வாயடியில் போட்டுக்கொண்டே இருக்கும். தள்ளிவிட ஆள் இல்லாத மணல் மெல்ல மெல்ல உயர்ந்து, ஒரு நாள் முதுகைக் காட்டும். புவியியல் பாடப்புத்தகத்தில் இதற்கு மணற்றடை என்று பெயர். ஆங்கிலேய மாலுமிகள் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே இதைப் பார் என்று சொல்லி வருகிறார்கள். ஆற்றின் வாசலுக்குக் கடல் போட்ட தாழ்.

மாரி தொடங்கியதும் கதை திரும்பும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற வாவி நாலு பக்கத்து வெள்ளத்தையும் வாங்கி நிரம்பும், போக வழி இருக்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் "முகத்துவாரத்தை வெட்டுங்கோ" என்று விவசாயிகள் சொல்வார்கள். வாவியில் வீசிப் பிழைக்கிறவர்கள், இப்பவே வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் நடக்கும். மறுகா ஒரு நாள் வெட்டுவார்கள். நான் எட்டு ஒன்பது வயதில் அப்பாவோடு போய் அதைப் பார்த்திருக்கிறேன். மண்வெட்டியால் ஒரு ஆள் கைநீட்டு அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினார்கள். முதலில் தண்ணீர் கணுக்காலளவு, பிள்ளைகள் அதற்குள் இறங்கி நின்றோம். சற்று நேரத்தில் பெரியவர்கள் எங்களைக் கையில் பிடித்து இழுத்து வெளியே விட்டார்கள். வாய்க்காலின் இரண்டு ஓரமும் பாண் துண்டு வெட்டின மாதிரிப் பிளந்து பிளந்து விழுந்தது. பின்னேரம் நாங்கள் திரும்பும்போது அந்தப் பக்கத்துக்குத் தாண்ட முடியாது. மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் நெடுந்தூரம் போய்க்கொண்டிருந்தது. இப்போது இயந்திரத்தால் வெட்டுகிறார்கள், ஆனால் ஓரம் பிளந்து விழுகிற விதம் மாறவில்லை.

வாய் திறந்திருக்கும் காலத்திலும் பார் போய்விடுவதில்லை, தண்ணீருக்குக் கீழே கிடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடையும். தோணிக்காரர் வெளியே நின்று அலையை எண்ணிப் பார்த்து, ஓய்கிற நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். பெரிய கப்பல் என்றால் அந்த யோசனையே வேண்டாம். வெளியே நங்கூரம் போட்டுவிட்டுச் சாமானை வள்ளத்தில் இறக்க வேண்டியதுதான். ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் இந்தக் கரைக்கு வந்தபோதும், போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியபோதும், பத்து வருடம் கழித்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தபோதும், கடல்வழியாக வந்தவர்களுக்கு இந்த மணல் ஒரு பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும். அம்பாறைப் பக்கம் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஒலுவிலுக்குப் போங்கள். 2013இல் திறந்த துறைமுகத்தின் வாயை மணல் திரும்பத் திரும்ப அடைத்து, படகுகள் உள்ளே வெளியே போகமுடியாமல் கிடந்த செய்தியை எத்தனையோ தடவை வாசித்திருப்பீர்கள்.

இனி ஊகம். 1795க்குப் பிறகு வந்த ஆங்கிலேய ஆட்சியில் இந்த வீதிக்குப் பெயர் வைத்தவர் இன்னார் என்று காட்ட என் கையில் கடதாசி இல்லை. ஆனால் வீதி போய் முடிகிற இடத்தையே வீதிக்குப் பெயராக வைப்பது அவர்கள் வழக்கம். திருகோணமலை வீதி திருகோணமலைக்குப் போகிறது, பார் வீதி பாருக்குப் போகிறது. கொழும்பில் களனி கங்கை கடலில் விழுகிற இடமும் முகத்துவாரம்தான். அங்கே தமிழ்ப் பெயரை மட்வால் என்று தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொண்டார்கள். இங்கே தங்கள் சொல்லையே வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே அண்ணாவுக்குச் சொல்லுங்கள், சாராயத்துக்கும் இந்தப் பெயருக்கும் உறவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழும்பி, "பார் என்பது தமிழ்ச் சொல்தானே சேர்" என்பார். எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது. அவர் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. கடலுக்கு அடியில் உள்ள கற்பாறைத் திட்டை மீன்பிடிகாரர் பார் என்றுதான் சொல்வார்கள். மன்னாரில் முத்துக் குளித்த காலத்தில் சிப்பி விளைந்த திட்டுகளுக்குப் பெரிய பார், செவல் பார் என்றெல்லாம் பெயர். ஆங்கிலேயர்கூட அந்தப் பெயர்களை அப்படியே தங்கள் அறிக்கைகளில் எழுதியிருக்கிறார்கள். அது நம் பாறையோடு சேர்ந்த சொல். ஆனால் முகத்துவாரத்தில் இருப்பது மணல், கல் அல்ல. இன்னொன்று, நம் ஆட்கள் அந்த இடத்தைப் பார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "முகத்துவாரத்துக்குப் போறம்" என்பார்களே ஒழிய "பாருக்குப் போறம்" என்றால் வேறு அர்த்தம், வீட்டில் சண்டை வரும்.

இதே மாதிரி ஒரு பொறி கடப்பாரையிலும் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'க்ரோ பார்'. கடப்பாரை, பாரை, பார் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்ததுபோலத் தோன்றும். அப்படி இல்லை. தமிழில் பாரை, தெலுங்கில் மண்வெட்டிக்குப் பார, கன்னடத்தில் கடப்பாரைக்கு ஹாரெ. பழைய கன்னடத்துப் பகரம் ஹகரமாக மாறியது ஐரோப்பியர் இந்தப் பக்கம் கப்பல் விடுவதற்கு முன்னரே. அந்த மாற்றத்துக்குள் இந்தச் சொல்லும் அகப்பட்டிருக்கிறது என்றால், அது அதற்கு முன்பே இங்கே இருந்த சொல். ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்தது தற்செயல். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியரிடம் இருந்து அந்த ஆயுதத்துக்கு நாம் வாங்கிய சொல் வேறு. இலங்கையில் நாம் சொல்கிற அலவாங்கு, நெம்புகோலுக்கான போர்த்துக்கேயச் சொல் 'அலவங்கா'. பாரை மீனையும் இதற்குள் இழுக்காதீர்கள், அது குழம்புக்கு மட்டும்.

அடுத்தது சட்டம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு பெரியவரின் வாழ்க்கைக் குறிப்பில் "1962இல் பாருக்கு அழைக்கப்பட்டார்" என்று ஆங்கிலத்தில் இருந்தது, மொழிபெயர்க்கக் கொடுத்தேன். ஒரு மாணவன் "1962ஆம் ஆண்டு அவரை மதுபானச்சாலைக்குக் கூப்பிட்டார்கள்" என்று எழுதினான். அத்தோடு நிறுத்தாமல், "அவர் போனாரா என்று சொல்லப்படவில்லை" என்று பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. புள்ளி போடவில்லை, ஆனால் அந்தக் கொப்பியை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

இந்தப் பாரின் பிறப்பிடம் லண்டனில் சட்டம் படிப்பித்த பழைய விடுதி மண்டபங்கள். மூத்தவர்கள் இருக்கும் பகுதியையும் மற்ற மண்டபத்தையும் பிரித்து ஒரு குறுக்குத் தடுப்பு இருந்தது. குறிப்பிட்ட தகுதியை அடைந்த மாணவனை அந்தத் தடுப்புக்கு அழைத்து விவாதத்தில் பங்கெடுக்க விடுவார்கள். அதுதான் பாருக்கு அழைக்கப்படுதல். 'பாரிஸ்டர்' என்ற சொல்லும் இதிலிருந்துதான். நீதிமன்றத்தில் நீதிபதியின் ஆசனத்தைச் சுற்றி ஒரு மரத்தடுப்பு இருக்கிறதே, அதுதான் மூலம் என்று பலர் சொல்வார்கள், நானும் இளம் ஆசிரியனாக இருந்தபோது அப்படித்தான் படிப்பித்தேன். அது 17ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் மனதில் பதிந்த விளக்கம். இரண்டு தடுப்பும் உண்மையில் இருந்தவை, அதனால் இந்தப் பிழை பெரிதாக உறுத்துவதில்லை. எப்படியும் தடுப்பின் பெயர் தடுப்பருகே நிற்கும் ஆட்களுக்கு ஆகி, பிறகு அந்தத் தொழிலுக்கே ஆகிவிட்டது. நீதிபதிகள் இருக்கும் வாங்கு 'பெஞ்ச்', அது நீதிபதிகளைக் குறிக்கும். எதிரே நிற்பவர்கள் 'பார்'. நம் தமிழில் இதை இடத்தின் பெயரால் சொல்லும் வழக்கம் இல்லை. சட்டத்தரணிகள் சங்கம் என்று ஆட்களின் பெயரால் சொல்கிறோம். எங்கள் அப்பாவின் காலத்தில் இவர்களில் அப்புக்காத்து (அட்வகேட்), பிறக்கிராசி (ப்ரொக்டர்) என்று இரண்டு வகுப்பு. 1973இன் நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு எல்லோரும் சட்டத்தரணிகள்.

பத்திரிகையில் 'ட்ரயல் அட் பார்' என்று தமிழ் எழுத்திலேயே அடிக்கடி வரும், அதையும் கவனித்திருப்பீர்கள். மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் சேர்ந்து, ஜூரிகள் இல்லாமல் நடத்தும் விசாரணை அது. அங்கே உள்ள பாரும் நீதிமன்றப் பார்தான். அதன் சட்ட நுணுக்கத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், ஆனால் இலக்கணத்தை நான் சொல்லலாம். ஆங்கிலத்தில் இந்தத் தொடரில் பாருக்கு முன் 'த' கிடையாது. 'அட் பார்' என்றால் நீதிமன்றம். 'அட் த பார்' என்றால் ஒருவர் சட்டத்தொழிலில் இருக்கிறார் என்றும் இருக்கலாம், கிளாசோடு நிற்கிறார் என்றும் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சட்டத்தொழில் என்றால் பலர் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். எல்லோரும் அப்படி எழுதுவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது.

சாராயக்கடைக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. விற்பவனுக்கும் குடிப்பவனுக்கும் நடுவே குறுக்கே கிடந்த பலகைக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பெயர் வந்தது, பிறகு பலகையின் பெயர் கடைக்கு ஆனது. நம் பழைய சொல் தவறணை. அதுவும் ஐரோப்பியர் விட்டுப்போனதுதான். இப்போது ஊரில் எல்லாரும் பார் என்கிறார்கள். "இண்டைக்குப் போயா, பார் பூட்டு" என்பது மட்டக்களப்பில் எவருக்கும் விளங்கும் தமிழ்.

குறுக்கே கிடந்து மறிப்பதில் இன்னும் சில. வினைச்சொல்லாக வந்தால் தடைசெய்தல்: ஒரு வீரரை விளையாடவிடாமல் தடுத்தால் அவர் 'பார்ட்'. காலம் கடந்துபோன வழக்கு 'டைம் பார்ட்'. உயரம் பாய்தலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வைக்கும் குறுக்குத்தடியும் பார்தான். இல்ல விளையாட்டுப் போட்டியில் அதை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி ஏற்றுவார்களே, அதிலிருந்துதான் எதிர்பார்ப்பை உயர்த்துவதற்கு 'ரெய்ஸ் த பார்' என்கிறார்கள். நீங்கள் அரசாங்க உத்தியோகத்தர் என்றால் இன்னொன்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஈ.பி., அதாவது 'எஃபிஷியன்சி பார்'. அதில் பி என்பது பார். சம்பள ஏற்றத்துக்குக் குறுக்கே போட்ட தடி. தமிழில் தடைதாண்டல் பரீட்சை என்று வைத்தவர் நல்ல தமிழ் தெரிந்தவர்; தடையையும் சொல்லி, தாண்டுவதையும் சொல்லிவிட்டார். நான் இரண்டாம் முறையில்தான் தாண்டினேன்.

நீளத்துண்டு என்ற மற்றக் கிளை எளிது. என் மாமாவின் கடையில் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் முழ நீளத்தில் வரும். வாங்க வருபவர் கேட்கிற அளவுக்கு மாமா அதில் விரலால் ஒரு கோடு கீறி, மெல்லிய கம்பியைச் சுற்றி இழுப்பார், துண்டு கழன்று விழும். அந்த முழுநீளம்தான் பார். இப்போது கையளவில் பெட்டியில் வருவதையும் ஆங்கிலத்தில் அதே பெயரில் சொல்கிறார்கள், நாம் கட்டி என்கிறோம். கண்டோஸ் சொக்லேட், தங்கக்கட்டி, கணினி விசைப்பலகையில் கீழே நீளமாகக் கிடக்கும் விசை எல்லாம் இதில் சேரும். பேசியில் "ரெண்டு பார்தான் காட்டுது" என்று கூரைக்குக் கீழிருந்து முற்றத்துக்கு வருகிறோமே, அதுவும் இதுதான். சிறைக்கம்பி மட்டும் இரண்டு கிளையிலும் கால் வைத்திருக்கிறது, நீளமும் உண்டு மறிப்பும் உண்டு. ஆங்கிலத்தில் சிறையில் இருப்பவன் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கிறான், தமிழில் கம்பி எண்ணுகிறான். ஆங்கிலத்தில் அது எப்போதும் பன்மையில், 'த' இல்லாமல் வரும். ஒருமையில் எழுதினால் கருத்து சிறையை விட்டுப் போய்விடும், மகளுக்கு இதை ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

என் இரண்டு கேள்விக்கும் மசியாத ஒன்று இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் அலகு. அகராதியில் அதற்குத் தனி இலக்கம் கொடுத்திருப்பார்கள், ஏனென்றால் அது வேறு சொல். பாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பாரோஸ்', அதிலிருந்து வந்தது; பாரமானி என்று நாம் சொல்லும் கருவியின் ஆங்கிலப் பெயரும் அதே கிரேக்கச் சொல்லில் இருந்துதான். ஒரு பார் என்பது ஒரு லட்சம் பாஸ்கல். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் இடத்தில் மானியைக் குனிந்து பாருங்கள், பல மானிகளில் இரண்டு வரிசை இலக்கம் இருக்கும். ஒன்றில் முள் 29இல் நிற்கும்போது மற்றதில் 2 காட்டும், அந்த 2தான் பார். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார். கடல் மட்டத்தில் சாதாரண வளிமண்டல அழுத்தம் 1013 மில்லிபார் அளவு. இந்த இலக்கம் இறங்கத் தொடங்கினால் கவனமாக இருக்க வேண்டும் என்பதை 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஓட்டில் பாதி அடுத்த வளவில் கிடந்தது.

மகளின் ஆறுக்கு இப்போது வழி இருக்கிறது. சவர்க்காரம் ஒன்று, சிறைக்கம்பி ஒன்று, சட்டத்தொழில் ஒன்று, தடைசெய்தல் என்ற வினை ஒன்று, காற்றழுத்தம் ஒன்று. ஐந்து ஆகிவிட்டது. ஆறாவதாக வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சாராயக்கடையை எழுதிக்கொண்டு வருவார்கள், ரீச்சர் பார்த்துச் சலித்திருப்பார். அதை விட்டுவிட்டு மணற்றடையை எழுதச் சொல்லுங்கள். வாய் அடைபட்டதால் தோணிகள் பாரைத் தாண்ட முடியாமல் நின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். தாண்டுவதற்கு 'க்ரொஸ்' என்ற வினை போட வேண்டும், 'ஜம்ப்' போட்டால் தோணி உயரம் பாய்ந்துவிடும். எழுதுவதற்கு முன் ஒரு பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு வெளிச்சவீட்டடிக்குப் போய்வாருங்கள், மாரி இன்னும் தொடங்கவில்லை, மணல் பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிடக்கும். ஒரு படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்புங்கள்.